மெர்லிமாவில் ஒரு சனிக்கிழமை விண்கலம்

அப்பா,

பக்கத்து வீட்டுப் பையன்கள் சத்தமாக வைத்திருந்த டிவியிலிருந்து நம் பழைய விண்வெளித் தொடரின் இசை சுவரைத் தாண்டி வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. புதுக் கேப்டன், புது விண்கலம், ஆனால் அதே தொடர். இத்தனை வருடமாக இன்னும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள்தான் இல்லை.

தொண்ணூறுகளில் நம் மெர்லிமாவ் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அதுதான். வசனம் ஆங்கிலம், கீழே ஓடும் எழுத்து மலாய்; இரண்டுமே உங்களை முந்திக்கொண்டு ஓடும். "என்னம்மா சொல்றான் அவன்?" என்று என்னைக் கேட்பீர்கள். எஸ்டேட் லோரி ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் ஒரு வாரம் விட்டதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "சண்ட போட்டுக்கிட்டு எவனும் எறங்கிப் போக முடியாதுலா. வெளிய காத்தே இல்ல. பேசித்தான் ஆகணும்," என்றீர்கள். அந்தத் தொடர் ஏன் ஓய்வதே இல்லை என்று பெரிய பெரிய கட்டுரைகளெல்லாம் படித்துவிட்டேன். எனக்கு உங்கள் விளக்கம் போதும்.

நம் வீட்டில்தான் பேச்சே இல்லை. நீங்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட செம்பனை எண்ணெய் ஆலை வேலையை அண்ணன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டான். நாலு பேர் முன்னால் அவனைப் பார்த்துக் கத்தினீர்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் நான்தான் இருவருக்கும் தபால்காரி.

"மோட்டார் சைக்கிள் சாவி எங்கன்னு அவன்கிட்ட கேளு."

"ஆணியில இருக்குன்னு சொல்லு."

சனிக்கிழமை மட்டும் இருவரும் ஒரே ஹாலில் உட்காருவீர்கள். நடுவில் நான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் பையோடு வந்து உட்கார்ந்தான். சிங்கப்பூரில் வேலை; கொஞ்ச நேரத்தில் பஸ். அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார். நீங்கள் டிவியையே பார்த்தீர்கள். எதிரிகள் கேப்டனைப் பிடித்துக்கொண்டு போன நேரம் பார்த்து கரண்ட் போனது. காற்றாடியும் நின்றது. இப்படியே போனால் இவன் திரும்பி வரவே மாட்டான் என்று பயந்தேன்.

அண்ணன் எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் காலில் மாட்டச் சப்பாத்தைத் தேடினான்.

"டேய், கேப்டன் தப்பிச்சிருவானா?"

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்தே கேட்டீர்கள்.

அவன் ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். "தெரியலப்பா. நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றான். பிறகு போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை தொடர் முடிந்த கையோடு சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. "அப்பாகிட்ட குடு," என்றான். போன் அடித்தாலே எழுந்து வெளியே போகும் நீங்கள், நின்றபடியே கதை முழுவதையும் சொன்னீர்கள். பாதி நீங்களாகக் கட்டிவிட்டது. கேப்டன் தப்பித்துவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த வாரம் நல்லா இருக்கும் போல. வந்தா பாக்கலாம்," என்றீர்கள்.

வந்தான்.

'வாடா' என்று நேராகச் சொல்ல வராத மனிதர் நீங்கள். நானும் அப்படியே ஆகிவிட்டேன், அப்பா. என்னோடு கோபித்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போன மகளுக்கு இப்போதுதான் அனுப்பினேன்: "அந்தத் தொடர் மறுபடி ஆரம்பிச்சிருக்கு. வந்தா பாக்கலாம்."

இன்னும் பதில் வரவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.