கொட்டகைக் கதவின் உயரம்

மார்ச் 3

என் வானிலைக்காரிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய். இந்தக் கடிதம் வியாழக்கிழமை சாமான் ஜீப்பில், டீசல் டின்களோடு குலுங்கி மேலே வரும்.

ஒரு செய்தி. பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். தண்ணீர் கேன் சுமந்து ஓய்ந்த வண்டி. பின்தொட்டியில் துரு. விரலை வைத்தால் மறுபக்கம் போகிறது. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி. பஸ் டெப்போ வேலை முடிந்ததும் நேராக வீட்டுக் கொட்டகைக்குள்தான்.

மழையில் உன் மலைப்பாதை அரித்துப்போனதாக எழுதியிருந்தாய். சாதாரண வண்டி ஏறாது. இது ஏறும். ஏற வைப்பேன். முடிந்ததும் உன் வானிலை நிலையத்து வாசலுக்கு வருகிறேன். நீ கதவைத் திறக்கும்போது வண்டி நிற்கும்.

வீடு அப்படியே இருக்கிறது. உன் பக்கத்துத் தலையணைக்கு மட்டும் உறை மாற்றவில்லை.

உன் ஸ்பானர்

*

மார்ச் 14

ஸ்பானருக்கு,

உறையை மாற்று. துவைத்தது அலமாரி மேல்தட்டில் இருக்கிறது.

இங்கே காலையில் மேகம் என் ஜன்னலுக்குக் கீழே கிடக்கிறது. மழைமானியைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டால் பாதி நாள் என்னுடையது. சத்தமில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வண்டியைப் பற்றி ஆசையாக எழுதியிருக்கிறாய். எங்காவது ஒரு கேள்விக்குறி வரும் என்று வாசித்துக்கொண்டே போனேன். வரவில்லை. சமையலறைச் சுவர் ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்து வந்தேன், சுவர் இல்லை. புழுதிக்கு நடுவே சிரித்துக்கொண்டு நின்றாய். "காத்து வரட்டும்னு இடிச்சேன். உனக்குப் பிடிக்கும்ல?" காற்று வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மாடிவீட்டுத் தரையில் விரிசலும் வந்தது.

இந்த மாற்றல் வந்தபோது, "போகட்டுமா?" என்று உன்னிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாய். போகாதே என்று சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பெட்டிக்குக் கயிறு மட்டும் கெட்டியாகக் கட்டிக் கொடுத்தாய்.

வண்டியை மெதுவாகச் செய். அவசரமில்லை.

வானிலைக்காரி

*

ஏப்ரல் 20

என் வானிலைக்காரிக்கு,

உறை மாற்றிவிட்டேன்.

பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, லாரிக்குப் போடும் கனமான பட்டைகளைப் போட்டேன். வண்டி ஒரு சாண் எழுந்தது. டயரும் பெரிது, அதனால் இன்னும் நாலு விரல். சக்கரம் உரசாமலிருக்க மட்கார்டை வெட்டினேன். கல் இடித்தால் ஆயில் தொட்டி உடையாமலிருக்க அடியில் இரும்புத் தகடு. ஓடையில் இறங்கினால் எஞ்சின் தண்ணீர் குடிக்காமலிருக்கக் காற்றுக்குழாயைக் கூரைவரை ஏற்றிவிட்டேன். டெப்போ வெல்டர் பார்த்துவிட்டு, "என்னடா, யானை தும்பிக்கையத் தூக்கிட்டு நிக்குது" என்றான். கேபின் மேலே சாமான் வைக்க இரும்புச் சட்டம். அவன்தான் பற்றவைத்தான். இனி அதைப் பிரிக்க முடியாது. பக்கத்தில் நின்று கையைத் தூக்கினால் சட்டம் என் விரல்நுனியில் இருக்கிறது.

விரிசல் விழுந்ததிலிருந்து என்னோடு பேசாத மாடிவீட்டு அண்ணன்கூடப் படியில் நின்று பார்த்தார்.

மே மாதம், மழைக்கு முன்னால் வந்துவிடுவேன்.

உன் ஸ்பானர்

*

ஏப்ரல் 29

ஸ்பானருக்கு,

எல்லாம் சரி.

கொட்டகைக் கதவு எவ்வளவு உயரம்?

வானிலைக்காரி

*

மே 8

என் வானிலைக்காரிக்கு,

நீ சிரித்து முடித்த பிறகு மேலே படி.

உன் கடிதம் வந்தபோது பானெட் வெயிலில் இருந்தது. மற்றதெல்லாம் நிழலில். சட்டம் கதவுநிலையில் முட்டிக்கொண்டு நின்றது. டயரில் காற்றை இறக்கினேன். அப்படியும் இரண்டு விரல் இடித்தது.

சம்மட்டியை எடுத்தேன். நிலைக்கு மேலே கொஞ்சம் செங்கல், அவ்வளவுதான். ஓங்கியும்விட்டேன். செங்கலுக்கு மேலே மாடிவீட்டுப் படிக்கட்டு. சம்மட்டியைக் கீழே வைத்தேன். மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன, இந்தத் தடவ எந்தச் சுவரு?"

"சுவரு இல்லண்ணே. கொஞ்சம் வந்து உக்காருவீங்களா?"

"எங்க?"

"வண்டி மேல. வெயிட்டுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், வா. நம்ம உடம்புக்கும் ஒரு வேலை வந்திருக்கு."

அவரும் வெல்டரும் பானெட் மேல். அண்ணியும் அடுத்த வீட்டுத் தையல்கார அக்காவும் பின்தொட்டியில். வண்டி அமுங்கியது. இஞ்ச் இஞ்சாக ஓட்டினேன். சட்டத்தில் கொஞ்சம் பெயின்ட் போனது. வெளியே வந்துவிட்டது.

இறங்கும்போது அண்ணி கேட்டார்: "இவ்வளவு கூத்தும் யாரப் பாக்க?"

"மேல இருக்கிறவளத்தான்."

"அவ வரச் சொன்னாளா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

வண்டி இப்போது தெருவில் நிற்கிறது. முழு டேங்க் டீசல். இன்றைக்கே கிளம்பலாம். கிளம்பவில்லை.

நான் மேலே வரட்டுமா?

வேண்டாம் என்றாலும் எழுது. இவர்களை மறுபடி உட்காரச் சொல்லி வண்டியை உள்ளே விட்டுக்கொள்கிறேன். ஏன் போனாய் என்றும் கேட்க வேண்டும். அதைக் கடிதத்தில் கேட்க எனக்குத் தெரியவில்லை.

உன் ஸ்பானர்

*

மே 17

என் ஸ்பானருக்கு,

சிரித்தேன். காவலாளி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்று எட்டிப் பார்க்கும்வரை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதங்களைக் கொண்டுவரும் சாமான் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலி. ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் ஏற்றிக்கொள்வார். முதல் வியாழக்கிழமையே நீ வந்திருக்கலாம். அவரே போன வாரம் கேட்டார். "என்னக்கா, கடுதாசி மட்டும் வருது. சார் வரமாட்டாரா?" "கேக்கட்டும், பாக்கலாம்" என்றேன்.

கேட்டுவிட்டாய். ஜீப்பில் வராதே. உன் யானையிலேயே வா. மூன்றாவது வளைவுக்கு மேலே பெரிய கற்கள். அங்கே டயரில் காற்றைக் குறைத்துக்கொள். ஓடைக்கு இடதுபக்கம் போ, வலதுபக்கம் சேறு. நீ கேட்க வேண்டியதைக் கேள். சொல்கிறேன். உனக்குப் பிடிக்காததும் அதில் இருக்கும்.

இங்கே ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை காலியாக இருக்கிறது. காவலாளி கிட்டத்தட்ட உன் உயரம். அவரை உள்ளே நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னேன். விரல் கூரைத் தகரத்தில் இடித்தது. நேற்று இரண்டுபேருமாகத் தகரத்தைப் பிரித்து ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டிவிட்டோம்.

பம்பு இருக்கிறது. காற்றை முழுசாக அடித்துவிட்டே உள்ளே விடலாம்.

உன் வானிலைக்காரி