முழங்காலுக்குக் கீழே ஒரு மணிப்பொத்தான்

எதையும் மூன்று தடவை தட்டிப் பார்த்தே வாங்கும் என் அப்பாவுக்கு,

தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டியது சரிதானா என்று அம்மா கையில் கொடுத்து இன்னொரு தடவை ஆட்டச் சொல்லும் ஆள் நீங்கள். அந்தக் குணத்தை அண்ணனுக்குத் துளிகூடக் கொடுக்காமல் முழுசாக எனக்கே கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

கணபதியில் இருக்கிற நம் வீட்டுக்குள் பாத்ரூம் வந்துவிட்டது அப்பா. கொல்லைப்புறத்தில் இல்லை, வீட்டுக்குள்ளேயே. உங்கள் கட்டில் கிடந்த அறையில் பாதியைத் தடுத்து, அம்மாவுக்காக என்று அண்ணன் கட்டியிருக்கிறார். "ஊட்டுக்குள்ளயே கக்கூசா?" என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதையேதான் கேட்டேன்.

அண்ணன் உடுமலைக்குப் போன் போட்டு இந்தச் சேதியைச் சொன்னபோதே எனக்கு உறுத்தியது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாலே மாசி வரை தள்ளிப்போடுகிற மனிதர் அவர். யாரும் கேட்காமல் பாத்ரூம் கட்டுகிறார், அதுவும் பட்டறை வேலையைப் போட்டுவிட்டு மேஸ்திரி பக்கத்திலேயே நிற்கிறார் என்றால் சும்மாவா இருக்கும்? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பீர்களே. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வந்து பார்த்தால் குறை சொல்ல முடியாத அழகு. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. சுவருக்கு வெளிர்நீல டைல்ஸ், தரைக்குக் கரும்பச்சை, சொரசொரப்பாக. உட்கார்ந்து குளிக்க ஒரு கல்திட்டு, அதன் ஓரங்களை மழுக்கி உருட்டியிருந்தார்கள். உயரமான வெஸ்டர்ன் கோப்பை. அதன் இரண்டு பக்கமும், ஷவருக்குக் கீழேயும் பளபளவென்று ஸ்டீல் கைப்பிடிகள். நம் பட்டறை லேத்திலேயே கடைந்து, சோப்புக் கை வழுக்காதபடி பிடிக்கிற இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கட்டமாக வரி போட்டிருந்தார் அண்ணன். பெரிய ஹோட்டலில்கூட அப்படி இருக்காது.

"சொவத்துக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணா வாங்கியிருக்கீங்க? மிச்சம் கெடந்ததக் கடைக்காரன் தள்ளிவிட்டுட்டானுங்களா?" என்றேன்.

"அம்மாவுக்குக் கண்ணுல பொரை வளருது அம்மணி. ஒரே கலர்னா தரை எங்க முடியுது, சொவரு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது" என்றார். பதில் தயாராக இருந்தது. தயாராக இருக்கும் பதிலை நம்பாதே என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?

மேஸ்திரி தன் பங்குக்குப் புலம்பினார். "வாசப்படியே இல்லாம ஒரு பாத்ரூமுங்களா? தண்ணி நேரா ஊட்டுக்குள்ள வந்துருமுங்க. நான் கட்டுன படிய ஒடைக்கச் சொல்லிப்போட்டு, தண்ணி ஓடற வாட்டம் சரியில்லைன்னு தரையையே ரெண்டு தடவை பேத்தெடுக்க வெச்சுட்டாருங்க."

அதுகூடப் போகட்டும். கதவைப் பார்த்தேன் அப்பா. வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே தாழ்ப்பாள் இல்லை, கொக்கி இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. வயசான பொம்பளை குளிக்கிற இடத்தை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெளியிலிருந்து திறக்கலாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? போதாததற்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு மணிப்பொத்தான். எலக்ட்ரீசியன் போதையில் வைத்துவிட்டானா என்று கேட்டேன். உங்கள் மருமகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பொத்தானிலிருந்து கிளம்பிய ஒயர் சுவரேறி, ஜன்னல் தாண்டி, பக்கத்துப் பட்டறைக்குள் போனது. அம்மாவின் பாத்ரூமுக்கும் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்?

அம்மாவைப் படுத்த படுக்கை என்று முடிவு கட்டிவிட்டார்கள், சாவிக்கொத்தைப் பிடுங்கி ஒரு மூலையில் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள் என்று நானே கணக்குப் போட்டேன். உங்கள் மருமகள் முகத்தைப் பார்க்கப் பார்க்க அது உறுதியானது. என்னைக் கண்டாலே அவள் ஏன் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள்?

எனக்கு இந்த வீட்டின் மேல் சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. உங்கள் சாவிலிருந்தே இருக்கிறது. நெஞ்சு வலி வந்து கட்டிலிலேயே போய்விட்டீர்கள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் அப்போது ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளையோடு பிணத்துக்கு முன்னால் நிற்கக் கூடாதென்று பக்கத்து வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் ஜன்னல் வழியாகத்தான் உங்களைப் பார்த்தேன். கட்டிலில் போனவருக்கு நெற்றியில் எதற்குத் துணிக்கட்டு? கொள்ளிச்சட்டி தூக்கிய அண்ணன் ஏன் வலது கையை அசைக்கவே இல்லை? காரியம் முடிந்து வந்து பார்த்தால் கொல்லைப்புறப் பாத்ரூமுக்குக் கதவையே காணோம், பழைய சேலை தொங்கியது. "செல் அரிச்சுப்போச்சுங்க" என்றாள் உங்கள் மருமகள். ஒரே வாரத்திலா?

அன்றிலிருந்து அம்மா அந்தச் சேலை மறைப்புக்குள்தான் குளித்திருக்கிறார். அதுவும் உள்ளேயிருந்து ஏதாவது பேசிக்கொண்டே. பேச ஆள் இல்லாவிட்டால் கோழியைத் திட்டிக்கொண்டே. மருமகள் போட்ட சட்டம் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் சரக்கு எடுக்கப் போன நேரம் பார்த்து டவுன்ஹால் கடைவீதிக்குப் போய் ஒரு நல்ல பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். ஆசாரி தயங்கினார். "வேண்டாம்னு அண்ணன் சொல்லிப்போட்டாருங்க அம்மணி." "அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க போடுங்க" என்றேன். போட்டுவிட்டார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். கதவைப் பார்த்தார்.

"ஆரு போட்டது?"

"நாந்தானுங்ண்ணா. நெனச்ச நேரத்துக்குத் தெறந்து பாக்கறதுக்கு எங்கம்மா என்ன ஜெயில்லயா இருக்காங்க?"

அவர் சண்டை போடுவார் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் போய்த் திருப்புளி எடுத்து வந்தார். மூன்று திருகாணிகளைக் கழற்றினார். நான்காவதில் திருப்புளி மூன்று தடவை வழுக்கியது. லேத்தில் நூலிழை பிசகாமல் கடைகிற கை அப்பா அது.

"அப்பா கட்டில்ல போகல அம்மணி" என்றார்.

தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "கொல்லைப்புறப் பாத்ரூம்ல குளிக்கப் போனாரு. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. இவ கடைக்குப் போயிட்டா. நான் லேத்த ஓட்டிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல எத்தன நேரம் என்னையக் கூப்பிட்டாரோ, இன்னைக்கும் தெரியல. அம்மா வந்து கத்துனப்பறந்தான் ஓடுனேன். தாழ்ப்பாள நெம்பி ஒடச்சேன். கதவு தெறக்கல. அது உள்ளுக்குத் தெறக்கற கதவு. அவரு கதவு மேலயே விழுந்து கெடந்தாரு. நான் தோளக் குடுத்துத் தள்ளத் தள்ள அவரைத்தான் நெருக்குது. 'மெதுவா சாமி, காலு மாட்டிக்கிச்சு'ன்னாரு. பேசிட்டுத்தான் இருந்தாரு. அப்பறம் நான் மேல ஏறிக் கூரை சீட்டப் பிரிச்சு எறங்கறதுக்குள்ள..."

உங்கள் மருமகள் வந்து அந்தத் திருப்புளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ மாசமா இருந்தே கண்ணு. சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்குனேன். அப்பறம் சொல்றதுக்கு வாயே வல்ல" என்றார் அம்மா.

நான் என்ன சொல்வேன் அப்பா? தரையில் விழுந்து கிடக்கிற ஆளுக்குக் கை எட்டுகிற உயரத்தில் பொத்தான். லேத் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று பட்டறைக்குள் பெரிய மணி. கரண்ட் போனாலும் அடிக்கட்டும் என்று பேட்டரி. யார் விழுந்தாலும் தடுக்காமல் வெளிப்பக்கம் திறந்துவிடுகிற கதவு. உங்களைக் காப்பாற்ற முடியாத அந்த மத்தியானத்தை நினைத்து நினைத்து ஒவ்வொன்றாகச் செய்து வைத்திருக்கிறார். நான் அதைச் சதி என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. உங்கள் மருமகள் கண்ணைத் தாழ்த்தியது திருட்டுத்தனத்தால் இல்லை, என்னிடம் பொய் சொன்ன கூச்சத்தால். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க அம்மணி, உங்க எடத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா முதல் முதலாகப் புதுப் பாத்ரூமுக்குக் குளிக்கப் போனார். கதவில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார், ஆள் இருப்பதற்கு அதுதான் அடையாளம். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பட்டறையில் மணி அலறியது. அண்ணன் கிரீஸ் கையோடு செருப்பில்லாமல் ஓடி வந்தார். நான் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடினேன். உங்கள் மருமகள் கதவைத் திறந்தால், சேலையைக்கூட அவிழ்க்காமல் அம்மா திட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"வேலை செய்யுதான்னு பாத்தேன் சாமி" என்றார்.

உங்களோடு குடித்தனம் நடத்தியவர் வேறு எப்படி இருப்பார்? அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சிரித்து வருஷக்கணக்காகிறது. சிரித்துவிட்டு அண்ணன் மட்டும் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டேன், இல்லையா, இல்லையா என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துவிட்டாய் சாமி, வந்துவிட்டாய் என்று அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒன்று மட்டும் உங்களைக் கேட்க வேண்டும். உள்ளே கிடந்த அந்த நேரத்தில், அண்ணனுக்குக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டீர்களா? இல்லை என்றுதான் நான் நம்புகிறேன். இந்த ஒன்றை மட்டும் தட்டிப் பார்க்காமல் நம்புகிறேன்.

அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளை உடுமலைக்கு எடுத்து வந்துவிட்டேன். இங்கே என் மாமியார் குளிக்கும் அறைக் கதவை அடுத்த வாரம் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுகிறார்கள். என்னவோ திட்டம் போடுகிறாள் மருமகள் என்று அவர் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். கதவைத் தொடுவதற்கு முன்பே நான் காரணத்தை அவரிடம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சொல்லாமல் விட்ட மிச்சத்தையும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்தக் கதவைத் தள்ளியதில் ஒரு தோள் ஏற்கனவே போயிற்று, இனி அந்த மிச்சத்தை அவர் தனியாகச் சுமக்க விடமாட்டேன் அப்பா.

ஜன்னல் வழியாக உங்களை வழியனுப்பிய,
உங்கள் சந்தேகக்கார மகள்,
சரோஜா