கோட்டில் இருந்த சாவிச் சின்னம்

ஞாயிறு, ஒக்டோபர் 19. சட்டன், லண்டன்.

மறைந்த என் கணவரின் கோட்டை என் தங்கையின் மகன், பெறாமகன் ரஞ்சனுக்குக் கொடுக்க எடுத்தேன். அதன் மார்பில் அவர் விரிவுரையாளராக இருந்த பல்கலைக்கழகத்தின் சின்னம், ஆந்தையும் சாவியும்.

"பெரியம்மா, நானும் அங்கதானே படிச்சனான். எங்கட சின்னத்தில ஆந்தையோட புத்தகம்தான். சாவி வாசல் காவலாளியளுக்கு."

"சாவி அதிகாரத்தின்ர அடையாளமடா." இயேசுவின் சீடர் புனித இராயப்பரின் கையிலும் பரலோகத்தின் சாவிதான் என்று கன்னியர் மடத்தில் படித்தவள் நான்.

"ஓம், கதவு திறக்கிற அதிகாரம்" என்று சிரித்தான்.

கோட்டைக் கொடுக்கவில்லை. கல்லறையில் 'விரிவுரையாளர்' என்று பொறிக்கச் சொன்னது நான். பாடம் எடுத்த மண்டபத்தை அவர் ஒரு நாளும் எனக்குக் காட்டியதில்லை. சாவிக்கொத்தின் பாரத்தில் அவருடைய காற்சட்டைப் பை கிழிந்துகொண்டே இருக்கும். எத்தனை தடவை தைத்துக் கொடுத்தேன். ஏன் இத்தனை சாவி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.