இறகு மொரு அழிந்துவிட்டது என்று நான் எழுதியது

ஜூன் 2, திங்கள்

விடியலில் இருந்தே மழை. பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, வந்த ஆட்களைக் கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. பால் வராவிட்டால் மடுவத்துக் கொட்டகையில் எடை போட்டு எழுத எனக்கும் ஒன்றுமில்லை. பத்து மணிக்கே வீடு.

செய்ய வேண்டியவை: குடைக்கம்பி கட்ட. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. ஆபீஸ் மாலனி நோனாவின் டிபன் பெட்டி (இரண்டு வாரமாக நம் வீட்டில், வெட்கம்). மொரு பதிவை முடிக்க.

கடைசியை மட்டும் முடித்தேன்.

முப்பத்தொரு வயதில் போனில் பிராணி பிடித்து விளையாடுகிறேன். போனோடு நடந்தால் மெப்பில், அந்த வரைபடத்தில், பிராணிகள் வரும், பிடித்துச் சேர்க்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு. தோட்ட ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ஆனால் தமிழில் விளையாடுகிறவர்களின் குரூப்பில் நான் 'ஸ்டெல்லா மிஸ்'. இங்கிலீஷில், சிங்களத்தில் வருவதையெல்லாம் படித்துத் தமிழில் எழுதிப் போடுவது நான்தான். எஹலியகொட டவுனில் இருப்பதாக நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பதிவு இதைப் பற்றி: மொரு என்றால் இப்போது வழவழப்பான கறுப்புப் பல்லி. எங்கு பார்த்தாலும் உண்டு. விளையாட்டின் பழங்காலக் கதையில் மட்டும் மொருவுக்கு உடம்பெல்லாம் இறகு. அந்த இறகு மொருவுக்கு என்ன ஆயிற்று? அழிந்ததா, மாறியதா, எங்காவது இருக்கிறதா? ஒரு மாதமாகக் குரூப்பில் இதே சண்டை.

அழிந்துவிட்டது என்று ஐந்து ஆதாரம் போட்டு எழுதினேன். அது தின்னும் பழமே இன்றைய மெப்பில் இல்லை. இடிந்த கோயிலில் இறகு மட்டும்தான் கிடைக்கிறது. இத்தனை பேர் நடந்தும் ஒருவரும் பிடித்ததில்லை. இப்படி ஐந்து. கடைசி வரி: 'யாராவது இருக்கிறது என்று சொன்னால் அது ஹேக்.'

அம்மா: "யாருக்குடி இம்புட்டு நேரமா கடுதாசி எழுதுற?"

ஜூன் 3, செவ்வாய்

மழை. பெரட்டு இல்லை.

பதிவுக்கு நல்ல வரவேற்பு. 'மிஸ் சொன்னா அப்பீல் இல்ல.' 'மேட்டர் முடிஞ்சுது.' அட்மின் கைதட்டல் போட்டார். நாலு தடவை திறந்து திறந்து பார்த்தேன், அசடு மாதிரி.

மத்தியானம் அதே பதிவின் கீழே வசந்தி ஒரு படம் போட்டாள். 'அக்கா இது இருக்கே.'

இறகு மொரு. கழுத்தில் செம்பட்டை இறகு, கண்ணைச் சுற்றி மஞ்சள். கதையில் வருகிற அதே.

வசந்தி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலாவது காம்பரா. பால்வெட்டுகிறவள். மழை நாளில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று அவளுக்கு இந்த விளையாட்டைக் காட்டிக் கொடுத்ததே நான். அவளுக்கு ஈமெயில் கிடையாது, ஐடி கார்டில் பெயர் பிழை. அதனால் கணக்கை என் பெயரில், என் நம்பரில்தான் திறந்தேன். லயத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான், வங்கி அட்டை தவிர எல்லாம் என் பெயரில்.

குரூப்பில் உடனே ஆரம்பித்தார்கள். 'வெட்டி ஒட்டின படம்.' 'யாரு இவங்க?' 'மிஸ், நீங்க சொல்லுங்க.'

எல்லாரும் நான் என்ன சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். எழுதினேன்: 'பிடித்த இடத்தைப் பாருங்கள். ஊர்ப்பெயர் இல்லை. ஒரு ரோடுகூட இல்லை. வெறும் பச்சையும் ஓர் ஓடைக் கோடும். அப்படி ஓர் இடம் கிடையாது. இது ஹேக். கேம் கம்பனி கண்டுபிடித்தால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல் நடவடிக்கை எடுக்கும்.'

கடைசி வரி நானாகச் சேர்த்தது. எங்கேயும் படித்ததில்லை. கனமாக இருக்கட்டும் என்று.

பிறகு ஒருவன் வசந்தியின் ப்ரொஃபைல் படத்தைப் பார்த்திருக்கிறான். பால் வாளியோடு நிற்கிற படம். 'பால் வெட்டுற அம்மாவுக்கு எதுக்குங்க கேம்?' எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

வெயில். இரண்டு நாள் பாலும் சேர்ந்து வந்தது போல மடுவத்தில் நெரிசல்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடி மீட்டர் போட்டுப் பார்த்து, நிறுத்து, எழுதுவது என் வேலை. வசந்தி முறை வரும்போது எப்போதும் ஒரு நக்கல் வரும்: "தண்ணி இல்லக்கா, கண்ணத் தொறந்து நல்லாப் பாத்துக்க. அப்பறம் வசந்தி கள்ளின்னு சொல்லப்படாது." பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இன்று வாளியை வைத்தாள். மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதி முடித்ததும், "சரிங்களா மிஸ்?"

மிஸ்! என்னை. ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்கிறவள்.

குரூப்பில் அவள் போட்ட படம் இல்லை. அவளே எடுத்துவிட்டிருக்கிறாள். அவளும் இல்லை.

மாலனி நோனா: "அனே ஸ்டெல்லா, மொகத வுனே?" என்ன ஆயிற்று என்று கேட்கிறாள், முகத்தைப் பார்த்தே. தலைவலி என்றேன். சித்தாலேப்ப தைலம் தந்தாள். நெற்றியில் தடவிக்கொண்டு பொய்யை மெய்யாக்கினேன். டிபன் பெட்டியை இன்றும் மறந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

தூறல். அரை நாள் வெட்டு.

இந்தக் கொப்பியை யாரும் பார்க்கப் போவதில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்த உடனே எனக்குத் தெரியும்.

நான் தினமும் விளையாட்டைத் திறந்தால் என் பொம்மை நிற்பது அந்த மாதிரிப் பச்சையில்தான். ஊர்ப்பெயர் இல்லை, ரோடு இல்லை. எங்கள் தோட்டம் மெப்பில் அப்படித்தான் இருக்கிறது. லயம் இல்லை, கோயில் இல்லை, மடுவம் இல்லை. போன வருஷம் போனுக்கு உறை எடுப்பித்தபோது பார்சல்காரர் போன் பண்ணி, "மிஸ், மெப் எகே எஹெம தெனக் நே" என்றார், மெப்பில் அப்படி ஓர் இடமே இல்லையாம். வெட்கப்பட்டுக்கொண்டு டவுன் சந்திக்கு நடந்து போய் பேக்கரி வாசலில் வாங்கிக்கொண்டேன். எங்கே வீடு என்று கேட்டார். பக்கத்தில்தான் என்றேன்.

அதே வார்த்தையைத்தானே நான் வசந்திக்குச் சொன்னேன். அப்படி ஓர் இடம் கிடையாது.

ஏன் சொன்னேன்:
— ஐந்து ஆதாரமும் வீணாகிவிடும்.
— 'மிஸ்' போய்விடும்.
— எந்த இடம் என்று கேட்பார்கள். சொன்னால் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் உண்மை. மற்ற இரண்டும் சும்மா.

சீ.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஃபாதர் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. வசந்திக்கு எப்படித் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குப் பைப்படியில் அவள். துணி அலசிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"மழ விட்டுருச்சு" என்றேன்.

"ஆமாக்கா."

"நாளைக்கு வெட்டு இருக்கும்."

"இருக்கும்."

குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவளே, "புடிங்கக்கா, தண்ணி நின்னுரப் போவுது" என்று இடம் விட்டாள். பிடித்தேன். வந்துவிட்டேன். அக்கா என்று கூப்பிட்டாளே என்று அதற்கு வேறு ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்டவளுக்கு.

பின்னேரம் அட்மின் என் பதிவைக் குரூப்பின் மேலே எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார். புதன்கிழமை நான் குரலில் பேச வேண்டுமாம், தலைப்பு 'அழிந்துபோனவை'.

சரி என்றேன். சரி என்று ஏன் சொன்னேன்?

ஜூன் 10, செவ்வாய், போயா (பௌர்ணமி)

லீவு. காலையில் மப்பு, பிறகு நல்ல வெளிச்சம்.

ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். ஸ்கூல் விட்ட பிறகு இன்றுதான். வெட்டை நிறுத்திக் காடாகப் போன பழைய ரப்பர் மலை அது. விறகுக்குப் பொம்பளைகள் போவார்கள், வசந்தியும்தான். ஆபீசில் வேலை கிடைத்த பிறகு நான் விறகுக்குப் போவதில்லை. சமையலுக்கு காஸ் வாங்குகிறோம்.

அட்டைக்கடி. எண்ணவில்லை. உப்பு கொண்டுபோக மறந்த புத்திசாலி நான்.

உச்சியில் சிக்னல் அருமை, எதிர்மலை டவர் நேரே தெரிகிறது. போனைத் திறந்தேன். பச்சை. நடுவில் ஓடை மட்டும் ஒரு கோடு, இடது பக்கம் முழங்கை போல ஒரு வளைவு. வசந்தியின் படத்தில் இருந்த அதே வளைவு. அந்த வளைவில்தான் படத்தில் மொரு நின்றிருந்தது.

இரண்டு மணி நேரம் நடந்தேன். வழவழ மொரு ஒன்பது. இறகு ஒன்றுகூட இல்லை. அது பெரிதில்லை. இடம் இருக்கிறது. யாரும் நடக்காத இடத்தில் பழையது தங்கியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் டவுன் ரோட்டிலேயே தேடிவிட்டு அழிந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறோம். நாங்கள் என்ன நாங்கள், நான்.

இறங்கி வந்த காலோடு, ரத்தத்தோடு, நேராக நாலாவது காம்பராவுக்கு. வசந்தி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, என்னாக்கா இது காலு! எங்க போய் விழுந்தீங்க?" சுண்ணாம்பு எடுத்துவந்து அவளே வைத்தாள். நான் உட்கார்ந்திருந்தேன், அவள் என் காலடியில்.

சொன்னேன். எல்லாவற்றையும். பார்த்த உடனே தெரியும் என்பதையும். சிரிப்புப் பொம்மையையும். அவள் நிமிரவே இல்லை.

"அந்தச் சிரிப்புதாங்க்கா ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள். "மத்தவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

தப்புதான் என்றேன். "குரூப்பில எழுதுறேன் வசந்தி, எல்லாருக்கும் தெரியிற மாதிரி. அந்த மொருவ ஒருக்கா காட்டு, படம் எடுத்துப் போடுவோம்."

"அது இல்லக்கா."

"ஏன்?"

"விட்டுட்டேன்."

விளையாட்டில் பிடித்ததை விட்டுவிடலாம். 'இது திரும்ப வராது, சம்மதமா?' என்று இரண்டு தடவை கேட்கும். இரண்டு தடவையும் சம்மதம் என்று அமுக்கியிருக்கிறாள்.

"கோவத்துலயா?"

"கோவமா? எனக்கென்ன கோவம்." பலாக்கொட்டையை மறுபடி எடுத்துக்கொண்டாள். "நீங்கதானே எழுதிருந்தீங்க, கணக்கு யாரு பேருல இருக்கோ அவங்களத்தான் புடிப்பாங்கன்னு. ஒங்க பேருலதானே இருக்கு. ஆபீசு வேல பாக்குறவுங்க, ஒரு பிரச்சின வந்துருச்சுன்னா? அதான் அன்னைக்கே விட்டுட்டேன். நான் ஹேக்கெல்லாம் பண்ணலக்கா. வெறகுக்குப் போனப்ப வந்துச்சு, புடிச்சேன். ஆனா நீங்க சொன்னா அதுல என்னமோ இருக்கும்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மா அட்டை கடித்த வலி என்று நினைத்தாள்.

ஜூன் 11, புதன்

வெயில். முழு வெட்டு.

மடுவத்துக்குப் போகுமுன் குரூப்பில் எழுதிவிட்டேன். பேச்சு இல்லை. என் பதிவு தவறு. இறகு மொரு இருந்தது. படம் போட்டவர் பிடித்த இடம் எங்கள் தோட்டம். நான் டவுனில் இல்லை, லயத்தில் இருக்கிறேன். எங்கள் இடத்துக்கு மெப்பில் பெயர் இல்லை. ஹேக் என்று சொன்னது நான் தெரிந்தே சொன்ன பொய்.

பதில்கள்: 'மிஸ் ஜோக்கா?' 'யாரோ மிஸ்ஸோட போன எடுத்துட்டாங்க.' அட்மின்: 'சரி மிஸ், இருக்குன்னா படம் போடுங்களேன்.'

படம் இல்லை என்று எழுதினேன். 'அப்போ பழைய பதிவுதான் சரி' என்று மேலேயே வைத்துவிட்டார். என் ஐந்து ஆதாரமும் அங்கேயே நிற்கிறது.

மாலனி நோனாவுக்கு டிபன் பெட்டி கொடுத்தாயிற்று.

பத்தரைக்கு வசந்தி வாளியை வைத்தாள். மீட்டரைத் தொடாமல் பேனாவை எடுத்தேன்.

"போட்டுப் பாருங்க" என்றாள்.

"வேணாம் வசந்தி."

"எல்லாருக்கும் போடுறதுதானே. போட்டுப் பாத்து எழுதுங்கக்கா."

வரிசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன். தண்ணீர் இல்லை. "தண்ணி இல்ல" என்றேன். "சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.