இரண்டாவது ஊசி

ஹெல்சிங்கி
3.10.2024

அக்கா,

சர்ச்சில் அம்மா எழுந்து நின்று, "எம் மவன் மருந்து கண்டுபிடிச்சிட்டான், பிளஸ்ஸிக்குக் கண்ணு சரியாயிடும்" என்று சாட்சி சொன்னாங்களாமே? யார் சொல்லச் சொன்னது? நாங்கள் சோதித்துப் பார்த்தது எலியில்தான். புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ், நம் உடம்பில் பெருகாது. அதை வண்டியாக்கி, கண்ணில் பழுதான ஜீனுக்குப் பதில் நல்லதை ஏற்றி அனுப்புகிறோம். இரத்தத்தில் விட்டால் எதிர்ப்புச் சக்தி உடனே நொறுக்கிவிடும். கண்ணுக்குள் காவல் குறைவு, அதனால் நுழைந்தது. அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்.

எபி

கிழக்கு தாம்பரம்
9.10.2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பி எபிக்கு,

உன் கடிதத்தை ஃபோன் வாசித்தது. அந்தப் பொம்பளைக் குரலில் நீ திட்டினதைக் கேட்டு அம்மாவே சிரித்துவிட்டாங்க. ஆராதனை முடிந்து எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்களாம். பக்கவாட்டில் நீட்டிய கை எனக்கு எங்கே தெரிகிறது? "இப்பவே பெரும வந்துடுச்சு பாரு" என்றாளாம் பக்கத்தில் நின்ற செல்வமேரி அக்கா.

நேரே பார்த்தால் ஒரு வளையல் அளவு தெரிகிறது. அதுவும் சுருங்குகிறது. கிறிஸ்மஸுக்கு வாயேன்டா. நாலு வருஷமாச்சு. வீடியோவில் உன் முகம் கலங்கலாகத்தான் இருக்கு. மீசை வைத்திருக்கிறாயா?

உன் அக்கா
பிளஸ்ஸி

ஹெல்சிங்கி
2.11.2024

அக்கா,

எலிகளுக்குப் போட்ட முதல் ஊசியின் பலன் சில வாரத்தில் மங்கிவிட்டது. இரண்டாவது ஊசி போடுகிறோம். கூட வேலை செய்யும் ஸ்ம்ருதி ஒருத்தியால் அத்தனை எலிகளையும் பார்க்க முடியாது. கிறிஸ்மஸுக்கு வரமாட்டேன். கையில் மருந்தில்லாமல் வந்து நின்று என்ன பண்ண? கொஞ்சம் பொறு.

மீசை இல்லை.

எபி

கிழக்கு தாம்பரம்
10.11.2024

எபி கண்ணு,

மருந்தையா வரச் சொன்னேன்? அம்மா முகத்தை மனப்பாடம் பண்ணிவிட்டேன். உன் முகம்தான் பாக்கி.

அக்கா

ஹெல்சிங்கி
12.12.2024

அக்கா,

இரண்டாவது ஊசி வேலை செய்யவில்லை. முதல் ஊசியிலேயே எலியின் உடம்பு வைரஸை அடையாளம் வைத்துக்கொண்டது. மறுபடி அது உள்ளே நுழையவே விடவில்லை. வழி இருக்கும், யாராவது கண்டுபிடிப்பார்கள். உன் கண்ணுக்கு அது நேரத்துக்கு வந்து சேராது. அம்மாவுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அழுதாங்க.

எலிகளை ஸ்ம்ருதி பார்த்துக்கொள்வாள். 22ஆம் தேதி காலை வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு வராதே. ஜன்னலோரம் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு வை. நீ பார்த்து முடிக்கிற வரைக்கும் அசையமாட்டேன்.

எபி