சட்டம் ஏற்காத அண்ணன்

என் உயிர் அண்ணா,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. துபாயில், கராமாவில் அதே அறையில்தான் இருக்கிறேன். சைட்டில் வேலை நின்றுவிட்டது. என்னை வேலைக்கு எடுத்த அரபி, கஃபீல், விசாவை ரத்துச் செய்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும். ஊருக்குத் திரும்பினால் என்ன நடக்குமென்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இங்கே அகதி என்று கேட்க வழியில்லை. கனடாவை நினைத்தாலே, அமெரிக்கா வழியாகப் போய் அந்த எல்லையில் நீங்கள் நின்றதுதான் நினைவில் வருகிறது. முதலில் கால்வைத்த நாட்டில்தான் தஞ்சம் கேட்க வேண்டும், கனடாவில் நெருங்கிய உறவு இருந்தால் விடுவோம் என்பது சட்டம். அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் போல உங்களுக்குப் போனில் சொன்னவன் நான்தான்.

“சந்திரன் அண்ணா டொரண்டோவிலதானே இருக்கிறார். அண்ணன் எண்டே சொல்லுங்கோ.”

பெரியப்பா மகனை நாம் வேறெப்படிச் சொல்வது? ஒரே வீட்டில் வளர்ந்தோம். எல்லையில் கனடா அதிகாரி உங்களிடம் அப்பா பெயரைக் கேட்டார். பிறகு சந்திரன் அண்ணாவைத் தொலைபேசியில் பிடித்து அதையே கேட்டார். இரண்டு பெயர் வந்தது. பொய் சொன்னதாக எழுதித் திருப்பிவிட்டார்கள். அமெரிக்காக்காரர்கள் மறியலில் அடைத்து வைத்திருந்து கொழும்புக்கு ஏற்றினார்கள். ஊருக்குப் போன மூன்றாம் மாதம் போரில், செல்லடியில் அகப்பட்டுப் போய்விட்டீர்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் பலனில்லையாம். பெரியப்பா உயிரோடு அங்கே இருந்திருந்தால் விட்டிருப்பார்களாம். அவருடைய மகன் இருந்தால் போதாதாம். இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள், அண்ணா? யாரோடு கோபித்துக்கொள்வதென்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை சந்திரன் அண்ணா போனில் கூப்பிட்டார். உங்களைப் பற்றித்தான் பேச்சு.

“நான் அவனுக்கு அண்ணன் இல்லையெண்டு எழுதிப்போட்டாங்களடா. அப்ப நான் ஆர்?” என்றார்.

 

அண்ணியும் மகளும் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருக்கிறார்கள். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் பேசும்போதுகூட வெட்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாள்.

எனக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. எந்த வாசலும் தெரியவில்லை. ஆனால் இந்த முறை நன்றாக விசாரித்துவிட்டேன்: அந்தச் சட்டத்தில் சித்தப்பா நெருங்கிய உறவுதானாம். எப்படியாவது கனடாவுக்கு உள்ளே போய் நிற்பேன், அண்ணா. நாளைக்கு வளர்ந்து, உங்கள் மகள் ஓர் எல்லையில் நின்று என் பெயரைச் சொன்னால், அவளைப் பொய்க்காரி என்று யாரும் எழுத முடியாது.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
அவளுடைய சித்தப்பா