அக்காவின் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, யசுகே வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? ஒசாகாவில் நான் சுகம்.

நாமி அக்காவைக் கைவிட்டுச் சாகடித்த ஹன்ஜூரோவோடுதான் இப்போது கபுகி நாடகத்தில் நடிக்கிறேன். அவன் கைவிடும் மனைவியாகப் பெண் வேடம் எனக்கு. நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.

நேற்று ஒரு வேடிக்கை. மேடையில் வசனத்தை விட்டுவிட்டு அக்காவின் குரலில் கேட்டேன்: "தோமே, சோறு ஆறிப்போச்சு. எப்பத்தான் வருவே?" அவனைத் தோமே என்று செல்லமாகக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதானே! அவன் அப்படியே மண்டியிட்டான்.

"ஐயோ நாமி, என்னை விட்டுடு!"

சனங்கள் நடிப்பென்று நினைத்து ஆரவாரம் செய்தார்கள்.

வேடத்தைக் கலைக்க எனக்கு மனமே வரவில்லை. கலைத்தால் அக்கா போய்விடுவாள். கொண்டையில் செருகிக்கொள்ள அவளுடைய சீப்பை அனுப்பி வையுங்கள், அம்மா.

மேடைக்கு அழைக்கிறார்கள். நாடகம் மாதம் முழுவதும் நடக்கும். தினமும் அவனைக் கூப்பிடுவேன்.

யசுகே